எழுபத்திரண்டு விரற்கடை

எங்கள் தெரு முதலில் ஏரியாக இருந்தது, பிறகு ஏரி என்ற பெயர் மட்டும் மிஞ்சிய மேய்ச்சல் தரையாக இருந்தது, பிறகு வெள்ளைக் கல் நட்ட மனைகளாக இருந்தது, கடைசியில் இருபத்திரண்டு வீடுகள் உள்ள தெருவாக ஆனது. இடது பக்கம் ஒற்றைப்படை எண்கள் பதினொன்று, வலது பக்கம் இரட்டைப்படை எண்கள் பதினொன்று. வீடு கட்டிய காலத்தில் எல்லோரும் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போனோம். ஆனால் ரோடு போட வந்தவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புது ரோட்டைப் போட்டார்கள், அதன் தலைமேல் இன்னொன்றைப் போட்டார்கள், இப்படி ஏழு முறை போட்டார்கள். ஏழாவது ரோடு ஆறியபோது, தெருவிலேயே தாழ்ந்த ஒன்பதாம் எண் வீட்டுக்குள் போக மூன்று படி இறங்க வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் தனபாக்கியமும் அவள் கணவர் ஏகாம்பரமும் இருந்தார்கள். ஏகாம்பரம் எங்கள் தெருவுக்கு இஸ்திரி போட்டவர். இருபத்தேழு வருஷம் இருபத்தொரு வீட்டுத் துணி மூட்டைகளையும் முதுகில் சுமந்து வீடு வீடாகப் போய் வந்தவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் இஸ்திரிப் பெட்டியில் கரி போடக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சில் மூன்று சொற்கள்தான் மிஞ்சின: தண்ணி, வேணாம், கனம். இந்த மூன்றை வைத்தே அவர் எல்லாவற்றையும் சொன்னார், தனபாக்கியம் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள், பெட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் ஒன்பதாம் எண்ணுக்குத்தான் முதலில் வந்தது. எங்கள் தெருவில், வெள்ளம் வடிந்ததும் அது நின்ற உயரத்தில் சுவரில் ஒரு கோடு இழுத்து வருஷத்தை எழுதிவைப்பது வழக்கம். ஒன்பதாம் எண் வீட்டில் அப்படி ஐந்து கோடுகள். ஐந்தாவது கோடு ஏகாம்பரத்தின் கயிற்றுக் கட்டிலுக்கு நான்கு விரற்கடை மேலே. அந்த வருஷம்தான் நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முன்பக்கம் பிடித்தவர் எதிர்வீட்டு எட்டாம் எண் கஜபதி. நலச் சங்கத்தின் தலைவர். அவர் கால் பள்ளத்தில் இறங்க, கட்டில் சாய, ஏகாம்பரம் சாக்கடை கலந்த தண்ணீருக்குள் முழுதாகப் போய் வந்தார். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் கிடந்தார். "இன்னொரு முறை தண்ணியில நனைஞ்சா தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு யாராவது கட்டிலில் கைவைத்தாலே ஏகாம்பரம் "வேணாம், வேணாம்" என்று கத்தினார். கஜபதி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினார், தனபாக்கியத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆகவே அதற்கு மூன்றாம் வருஷம் ஆடி முடிந்ததிலிருந்து தெருவில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். மழை வந்தால் ஏகாம்பரத்தை எங்கே வைப்பது?

ஆவணி நாலாம் தேதி சாயங்காலம், சாக்கடை மூடி உடைந்த இடத்திலிருந்து ஒரு ஆமை வெளியே வந்தது. சோற்றுப் பானை அளவு இருக்கும். இரண்டு பக்கத்து வீடுகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்து, ஒன்பதாம் எண்ணின் மூன்று படிகளிலும் நிதானமாக இறங்கி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த ஒரு பொந்தில் நுழைந்தது. பார்த்தவர்கள் ஐந்து பேர். ஏரி இருந்த இடம், ஆமை வரும் என்று பேசிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் வீடு ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

விரற்கடை என்றால் முக்கால் அங்குலம். வேறொரு ஏரியின் மதகில் நீர்மட்டம் குறித்து வந்த வேலையில் இருந்தவன் நான் என்பதால் அளவு பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. ஆறாம் தேதி இரண்டு, ஏழாம் தேதி மூன்று. எட்டு நாளில் ஒரு படியின் உயரம் குறைந்தது. பதினாறு நாளில் இரண்டு படிகள் தேவையில்லாமல் போயின. இருபத்துநாலாம் நாள் ஒன்பதாம் எண் வீடு ரோட்டுக்குச் சமமாக நின்றது, தனபாக்கியம் வாசலில் நின்று, இறங்குவதற்குத் தூக்கிய காலை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே சிரித்தாள்.

அன்றைக்குத் தெருவுக்கு வந்த உற்சாகம் சொல்லி முடியாது! நலச் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. ஒன்பதுக்கு அடியில் இருக்கும் ஆமையை என்ன கணக்கில் எடுத்துக்கொள்வது என்று கஜபதி கேட்டார்.

"வாடகைக்கு இருக்குன்னு எழுதிக்குங்க சார்" என்றாள் பதிமூன்றாம் எண் கதீஜா. "சங்கத்துல இத்தனை பேரு இருக்கீங்க, ஒருத்தராவது ஒரு வீட்டைத் தூக்கினீங்களா? அதைத் தலைவராப் போடுங்க. கூட்டத்துக்கு லேட்டாத்தான் வரும், ஆனா வரும்."

பிறகு ஒவ்வொன்றாக ஏற்பாடுகள் நடந்தன. தெரு முனையில் "மெதுவாகச் செல்லவும், கீழே ஆமை உள்ளது" என்று பலகை வைத்தோம், தண்ணீர் லாரிக்காரர் அதைப் படித்துவிட்டு ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன் ஒன்பதாம் எண்ணுக்குப் போகும் ஒயரை மூன்று முறை மாற்றிக் கட்டி, காரணம் என்ற இடத்தில் "வீடு உயர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரோட்டுக்கு மேலே வீடு ஏறத் தொடங்கியதும், எட்டு நாளைக்கு ஒரு படி என்று முறை வைத்து, ஒரு படியை ஒற்றைப்படை வீடுகளும் அடுத்ததை இரட்டைப்படை வீடுகளும் கட்டின. ஐப்பசி ஏழாம் தேதி தீபாவளி வந்தது. ஆமை பயந்துவிடும் என்று ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. பிள்ளைகள் மத்தாப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, "டமார்" என்று மெதுவாக வாயால் சொன்னார்கள்.

வீடு தூக்கும் செபாஸ்டின் மேஸ்திரி வேறு வேலையாக வந்தவர், ஒன்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்.

"யாரு காண்ட்ராக்ட்டும்மா இது?"

"தெரியலைங்க. தானா ஏறுது" என்றாள் தனபாக்கியம்.

"எத்தனை ஜாக்கி?"

"ஒண்ணுதான் மேஸ்திரி" என்றாள் கதீஜா. "நாலு காலு இருக்கும். கூப்பிட்டா தலையை உள்ள இழுத்துக்கும்."

மேஸ்திரி தரையில் குப்புறப் படுத்து, அடித்தளத்துக்குக் கீழே இருந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து நின்றதும் செருப்பைக் கழற்றினார்.

"ஆமை ஓடுங்க. இந்தச் செவுத்துலருந்து அந்தச் செவுரு வரைக்கும், ஆறு மூலைக் கட்டம் பதிமூணு இருக்கிற ஒரே ஓடு. நான் அறுபத்திரண்டு வீடு தூக்கியிருக்கேன், விரிசல் விடாம ஒண்ணுகூடத் தூக்கினதில்லை. இதுல ஒரு மயிரிழை இல்லை பாருங்க. இவரு தொழில் தெரிஞ்சவரு."

தொழில் தெரிந்தவர் என்றதும் ஆசை வந்துவிட்டது. ஏற்கெனவே ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கிய வீடு கஜபதியுடையது. அவர் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீரும் அன்றுமுதல் எதிரே ஒன்பதுக்குத்தான் போனது, ஆனால் தூக்கியதில் பாதியை அடுத்து வந்த இரண்டு ரோடுகள் தின்றுவிட்டன. அவர் ஒன்பதாம் எண் சுவரிலிருந்து தன் வீட்டு வாசல்வரை அகத்திக்கீரையை வரிசையாகப் போட்டு வைத்தார். அதைப் பார்த்த ஒற்றைப்படைக்காரர்கள் வெள்ளரிப் பிஞ்சை எதிர்த்திசையில் போட்டார்கள். அன்று முழுக்க இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம்தான் ஏரியோட ஆழம், அது இங்கதான் வரும்" என்றும், "உங்களுக்கு ஒரு தடவை தூக்கியாச்சு, இன்னும் என்ன" என்றும் தொண்டை வறளக் கத்தினோம். கீரையை மாடு தின்றது. வெள்ளரிப் பிஞ்சைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தின்றார்கள். வீடு வழக்கம்போல ஒரு விரற்கடை ஏறியது.

தெருக்கோடிப் பெருமாள் கோயில் சம்பத் பட்டர் அன்று சாயங்காலம் மொபெட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அன்னிக்கும் இதேதான். பாற்கடலைக் கடையறச்சே ஒரு பக்கம் தேவா, ஒரு பக்கம் அசுரா, பாம்பை இழுத்துண்டு நான் நீன்னு சண்டை. மத்தா நட்ட மலை கடலுக்குள்ள முங்கறதை ரெண்டு கட்சியும் பார்க்கலை. பெருமாள் மேலேந்து ஒரு விரலால பிடிச்சிருக்கலாமோல்லியோ? பண்ணலையே. ஆமையாப் போய், அடியில, ஒருத்தர் கண்ணுக்கும் படாம முதுகைக் குடுத்தார். உசத்தறதுன்னா என்னன்னு கேட்டேள்னா, அதான். அடியில போறது."

தனபாக்கியம் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்: "கடைஞ்சு எடுத்த அமுதத்துல அந்த ஆமைக்கு ஒரு வாய் குடுத்தாங்களா சாமி?"

பட்டர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக வந்தார். "மூணு புஸ்தகம் பார்த்துட்டேன். குடுத்ததாவும் இல்லை. அது கேட்டதாவும் இல்லை."

ஐப்பசி பன்னிரண்டாம் தேதி புயல் என்று அறிவித்தார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சாமானும் எப்போதும் தனபாக்கியத்திடம் பத்திரமாக இருக்கும், ஊருக்குப் போனால் சாவி அவளிடம், கல்யாணப் புடவை அவளிடம், முப்பது வருஷப் பழக்கம் அது. அதே பழக்கத்தில் கதீஜா தன் வாஷிங் மெஷினைக் கொண்டுவந்து, "ஒரு ஓரமா வச்சுக்கறேன் பாக்கியம்" என்றாள். "வைங்கக்கா" என்றாள் தனபாக்கியம். அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகியவள் இல்லை. இரண்டு நாளில் ஒன்பதாம் எண் வீட்டுக்குள்ளும் மாடியிலும் ஏறியவை: வாஷிங் மெஷின் நாலு, இருசக்கர வண்டி ஒன்பது, அரிசி மூட்டை முப்பத்தொன்று, காஸ் சிலிண்டர் பதினேழு, கஜபதியின் சோபா ஒன்று. அவர் சோபாவை ஆள் வைத்து அனுப்பினார், தான் வரவில்லை.

பதினாலாம் தேதி விடியும்போது வீடு எழுபத்திரண்டாவது விரற்கடையை முடித்திருந்தது. ரோட்டிலிருந்து ஆறு படி மேலே. மழை அதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தண்ணீர் முதல் படியைத் தொட்டது, பதினொன்றுக்கு நாலாம் படி. இருபத்தொரு வீடுகளிலும் தண்ணீர் புகுந்துவிட்டது. நாங்கள் எல்லோரும், வந்து ஏறுங்கள் என்று ஒருவரும் சொல்லாமலே, ஒன்பதாம் எண் வீட்டில் ஏறினோம். எழுபது பேர் என்று இன்றும் சொல்கிறார்கள். ஏகாம்பரத்தையும் சேர்த்து எழுபத்தொன்று. கடைசியாக ஏறியவர் கஜபதி, அவர் கட்டில் இருந்த அறைக்குள் வராமல் மழைச்சாரலில் வாசலிலேயே நின்றார்.

பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஐந்தாம் படியை மூடியது. இன்னும் ஒரு படி பாக்கி, அதாவது எட்டு விரற்கடை. போதும் என்று நிம்மதியாக உட்கார்ந்தோம். டீ போட்டார்கள், பிள்ளைகள் சோபாவில் குதித்தார்கள், யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அப்போது ஏகாம்பரம் சொன்னார்: "கனம்."

தனபாக்கியம் அவர் மேலிருந்த போர்வையை எடுத்தாள். அவர் மறுபடியும் சொன்னார்: "கனம்."

அளவுகோலோடு வாசலுக்குப் போனேன். மழை விட்டிருந்தது, தண்ணீர் ஏறவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர் அதே கல்லில்தான் நின்றது. ஆனால் எங்கள் வாசலுக்கு ஏழு விரற்கடைதான் மிச்சம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஆனது.

"வீடு இறங்குது" என்றேன். பாட்டு நின்றது.

"கனம்" என்றார் ஏகாம்பரம். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு விசிலடித்தது.

"அதுக்குத் தாங்கலைடி" என்றாள் கதீஜா. "அதுக்கு முடியலைன்னு இவருக்குத் தெரியுது." சொல்லிவிட்டுத் தன் வாஷிங் மெஷினைத் தானே இழுத்து வாசலிலிருந்து தண்ணீருக்குள் தள்ளினாள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தோம். மெஷின் நாலும் போயிற்று, வண்டி ஒன்பதும் போயிற்று, மூட்டைகள் போயின, சிலிண்டர்கள் மிதந்து ஒன்றோடொன்று மணிபோல மோதிக்கொண்டன, கஜபதியின் சோபா தெருவில் தெற்கு நோக்கி மிதந்து போயிற்று, அதில் ஒரு பூனை ஏறிக்கொண்டது. ஆனாலும் ஐந்து விரற்கடை. நாலு. மூன்று. தண்ணீர் வாசலுக்குள் எட்டிப் பார்க்கும் உயரம். உள்ளே கட்டில். கட்டிலில் ஏகாம்பரம்.

தனபாக்கியம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களை இறங்குங்கள் என்று அவள் சொல்லவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

இரண்டு விரற்கடை ஆனபோது கஜபதி சட்டையைக் கழற்றினார். மூன்று வருஷத்தில் முதல் முறையாகத் தனபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கு நான்தான் கைவிட்டேன். என் காலு பள்ளத்துல போவலை. பயந்துட்டேன். விட்டுட்டேன்" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் அவர் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, திரும்பி, சுவரில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றினார்.

"சார், நீங்க ஒரு ஆளு தாங்கி வீடு நிக்குமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்ப நீயும் வா!" என்று கஜபதி கத்தினார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கதீஜா இறங்கினாள். பட்டர் பூணூலைத் தோளில் சரி செய்துகொண்டு இறங்கினார், "ஆழமா இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். ஒற்றைப்படை இரட்டைப்படை பார்க்காமல் கைக்குக் கிடைத்த இடத்தில் சுவரைச் சுற்றி நின்றோம், தோளோடு தோள் இடிக்க நின்றோம், முதுகைக் கொடுத்து நின்றோம். எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. திருவிழாவில் தேர் நிலையிலிருந்து நகரும்போது வடம் பிடித்த கைகளுக்குள் ஓடுமே, அந்தத் துடிப்பு எங்கள் முதுகுகளுக்குள் ஓடியது. கடைசியாகத் தனபாக்கியமும் ஏகாம்பரத்தின் காலை மெதுவாக வைத்துவிட்டு இறங்கி வந்தாள். மேலே பிள்ளைகள் பதினாலு, நிறைமாதக்காரி ஒருத்தி, ஏகாம்பரம். கீழே ஐம்பத்தைந்து முதுகு.

ஒரு விரற்கடையில் வீடு நின்றது.

அப்படியே நாலேகால் மணி நேரம் நின்றோம். மேலே பிள்ளைகள் வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு என் அளவுகோலை வைத்து மட்டத்தைப் படித்தார்கள். "ஒண்ணு! இன்னும் ஒண்ணு!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு முறையும் சுவரைச் சுற்றி ஐம்பத்தைந்து பேரும் ஆரவாரம் செய்தோம். கடைசியில், "ரெண்டு!" என்றார்கள். ஏறியது வீடா, வடிந்தது தண்ணீரா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை, தண்ணீரிலேயே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம்.

தண்ணீர் முழுதும் வடிய மூன்று நாள் ஆயிற்று. செபாஸ்டின் மேஸ்திரி மெனக்கெட்டு வந்து, செருப்பைக் கழற்றி, படுத்து, டார்ச் அடித்தார். ஓடு இல்லை. வீட்டுக்கு அடியில் இடுக்கு இல்லாமல் கறுப்பு வண்டல் கெட்டியாக நிறைந்திருந்தது, ஏரியில் இருக்கும் வண்டல், நடுநடுவே நத்தை ஓடுகளும் அல்லிக் கிழங்குகளும். "வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாரு" என்றார். அன்றோடு வீடு ஏறுவதும் நின்றது.

குளித்தபோதுதான் முதுகைப் பார்த்தோம். கதீஜாவின் முதுகை அவள் மகள் பார்த்தாள், பட்டர் முதுகை அவர் வீட்டில் பார்த்தார்கள், என் முதுகைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் ஆறு மூலை உள்ள ஒரு கட்டம். வலி இல்லை. தேய்த்தால் போகவில்லை. சுவரில் அழுந்திய தடம் என்றால் செங்கல்லுக்கு மூலை நாலுதான். ஐம்பத்தைந்து பேரையும் வரிசையாக நிறுத்திச் சரிபார்த்தேன், ஆளுக்கு ஒன்று, கூட இல்லை, குறைய இல்லை. இரண்டே நாளில் அது பழகிவிட்டது. தையல்காரர் கதீஜாவிடம், "முதுகை மூடித் தைக்கவா, திறந்து தைக்கவா?" என்று கேட்டார். "திறந்து தை, பாக்கட்டும்" என்றாள்.

கஜபதி மட்டும் தன் கட்டத்தை யாரிடமும் காட்டவில்லை. நாலாம் நாள் காலையில் ஒன்பதாம் எண்ணின் ஆறு படிகளையும் ஏறி, கட்டில் இருந்த அறைக்குள் மூன்று வருஷம் கழித்து வந்தார். நானும் ஆறாவது கோடு இழுக்கச் சுண்ணாம்போடு அங்கே இருந்தேன். இழுக்க இடம் இல்லை, உள்சுவரில் தண்ணீரே படவில்லை.

"அண்ணனைத் துடைச்சு விடப்போறியாம்மா? நான் புரட்டிப் பிடிக்கிறேன். இந்தத் தடவை விடமாட்டேன்."

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். "வேணாம்" என்று சொல்வார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை.

கஜபதி இரண்டு கையாலும் ஏந்திப் புரட்டினார். தனபாக்கியம் சட்டையை உயர்த்தினாள். கஜபதி அப்படியே நின்றுவிட்டார்.

தோளிலிருந்து இடுப்புவரை, நடுவில் ஐந்து, இரண்டு பக்கமும் நாலு நாலு, வரிசை தப்பாமல் ஆறு மூலைக் கட்டங்கள். எங்களுடையதைப் போல் புதிதாகச் சிவந்தவை அல்ல. கறுத்து, தடித்து, காய்த்துப்போனவை.

"இதா?" என்றாள் தனபாக்கியம். "இது ஆவணியிலருந்து இருக்கு சார். கட்டில் கயிறு அழுந்திருக்குன்னு தினமும் எண்ணெய் போட்டுட்டு வரேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு கஜபதியின் சட்டைக் காலரை இழுத்து அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கணவர் முதுகைப் பார்த்தாள். நான் எண்ணினேன், அவளும் என்னோடு சேர்ந்து விரல் வைத்து எண்ணினாள். எங்களுக்கு ஒன்று. அவருக்குப் பதின்மூன்று.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"இன்னும் கனமா இருக்காய்யா?"

ஏகாம்பரம் கண்ணை மூடி, உள்ளுக்குள் எதையோ தூக்கிப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"இல்ல" என்றார்.

மூன்று வருஷத்தில் அது அவருடைய நாலாவது சொல்.